குருதி எட்டாத எலும்பு

நீரிழிவு நோயுள்ள ஒருவரின் குதிகாலில் துவரம்பருப்பு அளவில் ஒரு துளை இருக்கிறது. அதிலிருந்து அவ்வப்போது சிறிது நீர் கசிகிறது, வலி அறவே இல்லை, அவரும் வழக்கம்போல நடமாடிக்கொண்டிருக்கிறார். நாள்தோறும் கட்டு மாற்றியும், நுண்ணுயிர்க்கொல்லிகள் எனப்படும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளை வாரக்கணக்கில் கொடுத்தும் அத்துளை மூடுவதில்லை. மூடினாலும் ஒரு மாதத்துக்குள் அதே இடத்தில் மீண்டும் வாய் திறக்கிறது. இறுதியில் அறுவை மருத்துவர், குதிகால் எலும்பின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்றும், நிலைமையைப் பொறுத்து முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க நேரலாம் என்றும் கூறும்போது, நோயாளியின் குடும்பத்தில் எழும் கேள்வி நியாயமானது. தோலில் வரும் கட்டியை ஒரு வாரத்தில் ஆற்றிவிடும் அதே மருந்து, அதே கிருமி குதிகாலுக்குள் புகுந்துவிட்டால் மட்டும் ஏன் தோற்றுப்போகிறது? பருப்பளவுத் துளைக்கு எலும்பை வெட்டுவானேன்?

விடை குதிகாலின் அமைப்பிலிருந்தே தொடங்குகிறது. பாதத்திலுள்ள 26 எலும்புகளில் மிகப் பெரியதான குதிகால் எலும்பு, நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் தரையை முதலில் சந்திப்பது. கெண்டைக்கால் தசைகளின் இழுவிசையை ஏந்திவரும் குதிநாண் அதன் பின்முனையைப் பற்றியிருக்கிறது, உள்ளங்காலின் வளைவை வில்நாண்போல இழுத்துப் பிடிக்கும் பாதப்பட்டை அதன் அடியிலிருந்து புறப்படுகிறது. இவ்வளவு சுமை தாங்கும் எலும்பு கருங்கல்போல இறுகியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். உண்மையில் அதன் வெளிச்சுவர் மெல்லியது, உள்ளே இருப்பதெல்லாம் துளைகள் நிறைந்த வலைப்பின்னல். கணுக்காலுக்கு மேலுள்ள நீண்ட எலும்பை மூங்கிலுக்கு ஒப்பிட்டால், குதிகால் எலும்பைப் பேக்கரி ரொட்டிக்கு ஒப்பிடலாம்: மேலே மெல்லிய பொருக்கு, உள்ளே நுண்ணறைகள் நிறைந்த மென்பகுதி. பஞ்செலும்பு எனப்படும் இம்மென்பகுதி, ஓர் அடியின் அதிர்ச்சியை வாங்கிப் பல திசைகளிலும் பரப்பிவிடுவதற்கு மிகச் சிறந்த ஏற்பாடு; ஆனால் பொருக்கை ஒரு கிருமி தாண்டிவிட்டால் உள்ளே அதை மறிக்கச் சுவர் எதுவும் இல்லை, ரொட்டியின் ஓரத்தில் ஊற்றிய பால் ஊறிப் பரவுவதுபோலத் தொற்றும் பரவுகிறது.

எலும்புக்கும் தரைக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தடிப்புள்ள கொழுப்பு மெத்தை ஒன்று உண்டு. இது வெறும் கொழுப்புக் கட்டியன்று. சாத்துக்குடிச் சுளையைப் பிரித்தால் உள்ளே சாறு நிறைந்த முத்துகள் தனித்தனிச் சவ்வுகளுக்குள் அடைபட்டிருப்பதைப் போல, குதிகாலின் கொழுப்பும் உறுதியான நார்ச்சுவர்களால் ஆன சிற்றறைகளுக்குள் அடைக்கப்பட்டிருப்பதால்தான், உடலின் எடை முழுவதும் அழுத்தினாலும் அது பிதுங்கி விலகாமல் மீண்டும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. இந்த மெத்தை ஒருமுறை அழுகிப்போனால் உடல் அதைத் திரும்ப உருவாக்குவதில்லை. அவ்விடத்தில் தழும்புத் திசுதான் வளரும், தழும்போ மெத்தையின் வேலையைச் செய்யாது. குதிகாலில் கத்தி வைக்கும் மருத்துவர் ஒவ்வொரு மில்லிமீட்டர் தோலுக்கும் தயங்குவதற்கு இதுவே முதற்காரணம். கால்விரலில் தொற்று வந்தால் விரலை எடுத்துவிட்டு மனிதர் நடந்துவிடுவார். குதிகாலுக்கு மாற்று கிடையாது.

இத்தகைய உறுதியான காப்பைக் கிருமி எப்படித் தாண்டுகிறது? பல ஆண்டுகள் கட்டுக்குள் வராத சர்க்கரை, நரம்புகளைச் சிதைக்கிறது; உடலின் மிக நீண்ட நரம்பிழைகள் பாதத்துக்குச் செல்பவையே என்பதால் சிதைவும் அங்கேதான் முதலில் தொடங்குகிறது. வலியுணர்த்தும் நரம்பு மழுங்குவதோடு, வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் தன்னியக்க நரம்பும் செயலிழப்பதால் தோல் வறண்டு, பித்தவெடிப்பு என்று மக்கள் அழைக்கும் பிளவுகள் குதிகாலின் விளிம்பில் ஆழமாக விழுகின்றன. நலமான உடலில் அழகுக் குறைவாக மட்டும் கருதப்படும் அப்பிளவு, உணர்விழந்த காலில் கிருமிக்குத் திறந்த கதவாகிறது. இவையன்றி, காலில் ஏறி முறிந்த முள், உச்சிவெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு நடந்ததால் எழுந்த கொப்புளம், நோயுற்றுப் பல நாள் மல்லாந்து படுத்தவருக்குக் குதிகாலின் பின்புறம் உண்டாகும் படுக்கைப்புண் ஆகியவையும் வாயில்களே.

வலியின்மையே பாதத்தை அழிக்கிறது என்ற அறிவு நீரிழிவு ஆய்விலிருந்து பிறக்கவில்லை என்பதும், அதன் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கன. 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் நாள்தோறும் படும் சிறு காயங்களே அவற்றைத் தேய்த்துவிடுகின்றன என்பதைக் காட்டினார். 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிறகு, அதே விளக்கம் நீரிழிவுப் பாதத்துக்கும் பொருந்துவதை அவர் எடுத்துரைத்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, நோயாளிக்கு அது தெரிகிறதா என்று பார்க்கும் இன்றைய எளிய சோதனையின் அளவுகோலும் 1986இல் கார்வில்லில் செய்த ஆய்விலிருந்தே கிடைத்தது. அந்த இழையை உணராத கால், ஆணி ஏறினாலும் உணராது.

இனி முதற்கேள்விக்குத் திரும்பலாம். விழுங்கிய மாத்திரையோ சிரை வழியே செலுத்திய மருந்தோ, தொற்றுள்ள இடத்தைச் சென்றடைய இரத்தம் ஒன்றே வாகனம். கிருமி பஞ்செலும்புக்குள் பெருகும்போது அழற்சியால் உண்டாகும் நீரும் சீழும் அந்தச் சிற்றறைகளை நிரப்புகின்றன. தோலுக்கு அடியில் சீழ் சேர்ந்தால் தோல் உப்பி இடம் கொடுக்கும், எலும்பு உப்பாது. உள்ளழுத்தம் உயர்ந்து நுண்ணிய இரத்தக்குழாய்கள் நசுங்கி அடைபட, அவற்றை நம்பியிருந்த எலும்புப் பகுதி இறந்துவிடுகிறது. தாய் எலும்பிலிருந்து இவ்வாறு பிரிந்து கிடக்கும் செத்த துண்டை ஒதுங்கெலும்பு எனலாம். அதற்குள் இரத்தம் செல்லாததால் மருந்தும் செல்லாது, உடலின் காவலர்களான வெள்ளணுக்களும் செல்லா. கால்வாய் தூர்ந்துபோன கடைமடை வயலுக்கு, அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் பயனில்லை என்பது போன்றதே இது.

அத்துடன் நிற்பதில்லை. செத்த எலும்பின் மேற்பரப்பில் கிருமிகள் தனித்தனியாக வாழாமல், தாமே சுரந்த பசைக்குள் கூட்டமாகப் புதைந்துகொள்கின்றன. தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் படியும் வழுவழுப்பை வெறும் நீரூற்றிக் கழுவினால் போகாது, தேய்த்தால்தான் போகும். நுண்ணுயிர்ப் படலம் எனப்படும் இக்கிருமிப் பசையும் அதே இயல்புடையது. அதற்குள் இருக்கும் கிருமிகள் பெருகும் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால், பெருகும் கிருமியைத் தாக்குவதற்கென்றே அமைந்த மருந்துகள் பல அவற்றிடம் வலுவிழக்கின்றன. தனித்து மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல நூறு மடங்கும் அதற்கு மேலும் மருந்துச் செறிவு தேவைப்படுகிறது. எலும்பு அணுக்களை இணைக்கும் நுண்கால்வாய்களுக்குள், தன் உருண்டை வடிவத்தை நெளித்து நீட்டிக்கொண்டு பொன்னிறக் கொத்துக்கோளம் என்ற பாக்டீரியா ஊர்ந்து ஒளிந்திருப்பதை அண்மைக் கால எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் காட்டியுள்ளன. அத்தகைய ஒளிவிடத்தில் பதுங்கிய கிருமியை இரத்தவழி மருந்தால் தேடிப்பிடிப்பது எவ்வளவு அரிது என்பதை விளக்க இதற்கு மேல் சான்று தேவையில்லை. மருந்து நுழைய முடியாத பகுதியை உடலிலிருந்தே அகற்றிவிடுவது ஒன்றே எஞ்சும் வழி. அறுவை சிகிச்சையின் அடிப்படை நியாயம் இதுதான்.

ஆனால் வெட்டுவதற்கு முன் தொற்று எலும்பைத் தொட்டுவிட்டதா, தோலோடு நிற்கிறதா என்பது தெரிய வேண்டும். வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்லுவது கடினம். இதற்குரிய சோதனைகளில் மிக எளியது, தூய்மைப்படுத்திய மழுங்கிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் மெல்லச் செலுத்திப் பார்ப்பது: மென்திசுவில் பட்டால் இழைந்து நிற்கும், எலும்பில் பட்டால் கல்லில் தட்டியதுபோன்ற கரகரப்பான எதிரடி மருத்துவரின் விரலுக்குத் தெரியும். பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் கடும் தொற்றுடன் சேர்க்கப்பட்டவர்களிடம் இதனை ஆராய்ந்து 1995இல் வெளிவந்த கட்டுரை, குச்சி எலும்பைத் தொட்டவர்களில் 89 விழுக்காட்டினருக்கு எலும்புத் தொற்று உறுதியானதாகக் கூறியது. 2007இல், புண் வந்த எல்லாவகை நோயாளிகளையும் உள்ளடக்கிய மற்றோர் ஆய்வில் அதே சோதனையின் அதே விடை 57 விழுக்காட்டினரிடம் மட்டுமே மெய்யாயிற்று. ஆனால் குச்சி எலும்பைத் தொடாதவர்களில் 98 விழுக்காட்டினருக்குத் தொற்று இல்லை. இரண்டில் எது சரி என்று கேட்பதற்கில்லை, இரண்டும் சரியே. திருடர் நடமாட்டம் மிகுந்த தெருவில் நள்ளிரவில் நாய் குரைத்தால் எழுந்து பார்ப்பதில் அறிவுண்டு. அமைதியான தெருவில் அதே குரைப்பு பூனைக்காகவும் இருக்கலாம். ஒரு சோதனையின் விடையை, அது யாரிடம் செய்யப்பட்டது என்பதோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்ற இந்நுட்பம் மருத்துவத்தின் எல்லாச் சோதனைகளுக்கும் பொருந்தும்.

எக்ஸ்ரே படம் இந்நோயில் தாமதமாகவே பேசுகிறது. எலும்பின் தாதுப்பொருளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை கரைந்த பிறகே படத்தில் மாற்றம் தெரியும், அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே முதல் வாரத்தில் எடுத்த படம் நன்றாக இருக்கிறது என்பது ஆறுதலுக்குரிய செய்தியன்று. எம்.ஆர்.ஐ. படம் எலும்புக்குள் நீர் கோத்திருப்பதைத் தொடக்கத்திலேயே காட்டுவதோடு, எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்ற எல்லையையும் வரைந்து தருவதால் அறுவைக்குத் திட்டமிட அது உதவுகிறது. எந்தக் கிருமி என்பதை அறிய, எலும்பிலிருந்தே ஒரு துணுக்கை எடுத்து வளர்த்துப் பார்ப்பதுதான் நம்பத்தக்கது. புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சால் ஒற்றியெடுத்து அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இன்றும் நீடிக்கிறது. ஆனால் அவ்வாறு கிடைத்த கிருமிகளையும் எலும்புத் துணுக்கில் கிடைத்த கிருமிகளையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், அவை கால் பங்குக்கும் குறைவாகவே ஒத்துப்போயின. வாசலில் நிற்பவரைப் பார்த்து வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று முடிவு கட்டுவதைப் போன்ற பிழை அது. இந்தியா போன்ற வெப்ப நாடுகளில், மேலைநாட்டு நூல்கள் முதன்மையாகக் கூறும் கொத்துக்கோளங்களைவிடச் சூடோமோனாஸ் போன்ற வேறு இனக் கிருமிகள் மிகுதியாகக் காணப்படுவதால், ஊகத்தின் பேரில் மருந்து கொடுப்பது இங்கே கூடுதல் ஆபத்துடையது.

கத்தியை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு, அதைத் தவறவிட்டால் மற்றவை எல்லாம் வீண்: காலுக்கு இரத்தம் போதுமா? கணுக்காலில் பட்டை கட்டி இரத்த அழுத்தத்தைப் பார்க்கும் வழக்கமான முறை நீரிழிவில் ஏமாற்றிவிடும். தமனிச் சுவரில் சுண்ணச்சத்து படிந்து அது பிளாஸ்டிக் குழாய்போல விறைத்திருப்பதால், பட்டையால் நசுக்க முடியாமல், உள்ளே ஓட்டம் குறைவாக இருந்தும் அழுத்தம் மிகுதியாகக் காட்டும். கால்விரலின் சிறு தமனிகள் அவ்வளவாக இறுகுவதில்லை என்பதால் விரலில் அளப்பதே உண்மைக்கு நெருக்கமானது. குதிகாலுக்கு இரத்தம் இரு வழியாக வருகிறது: உட்புறத்தில் பின்கால் தமனியின் கிளைகள், வெளிப்புறத்தில் மற்றொரு தமனியின் கிளைகள். ஆற்றுப் பாசனத்தில் ஒவ்வொரு மதகுக்கும் உரிய ஆயக்கட்டு இருப்பதைப் போலத் தோலிலும் ஒவ்வொரு தமனிக்கும் உரிய பரப்பு உண்டு என்று ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் இயன் டெய்லர் 1987இல் வரைந்து காட்டினார். எந்த ஆயக்கட்டில் புண் இருக்கிறதோ அதன் மதகைத் திறப்பதே, அதாவது அந்தத் தமனியின் அடைப்பை ஆஞ்சியோபிளாஸ்டி மூலமோ மாற்றுவழி அறுவை மூலமோ நீக்குவதே முதல் வேலை. உயிருக்கு ஆபத்தான சீழ் தேங்கியிருந்தால் மட்டும் அதனை உடனே வடித்துவிட்டு, பிறகு இரத்த ஓட்டத்தைச் சரிசெய்வர்.

அறுவை சிகிச்சையின் வரலாறு நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு முந்தியது. அமெரிக்காவின் மில்வாக்கி நகர அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் கேன்ஸ்லன் 1931இல், குதிகாலின் நட்டநடுவே நெடுக்காகக் கீறி, எலும்பையும் இரண்டாகப் பிளந்து, உள்ளே அழுகியதைச் சுரண்டி எடுக்கும் முறையை விவரித்தார். நடுக்கோட்டில் கீறுவதற்குக் காரணம் உண்டு: இரத்தக்குழாய்களும் நரம்புகளும் இருபுறமிருந்தும் நடுவை நோக்கி வருவதால் நடுக்கோட்டில் அவை வெட்டுப்படுவது குறைவு. இன்று நீரிழிவு நோயாளிகளிடம் பெரிதும் செய்யப்படுவது பகுதிக் குதிகால் எலும்பு நீக்கம். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, புண்ணைச் சுற்றி நீள்வட்டமாகக் கீறி, எலும்புவரை ஒரே அடுக்காக எடுத்துவிட்டு, எலும்பின் பின்பகுதியை மேலிருந்து கீழ்முன்னாகச் சாய்வாக அறுத்து நீக்குகின்றனர். சாய்வாக அறுப்பதும், அறுத்த விளிம்பை அரத்தால் வழவழப்பாக்குவதும் அழகுக்காக அன்று. உள்ளங்காலை நோக்கி ஒரு கூர்முனை எஞ்சினால், உணர்வில்லாத அந்தக் காலில் அதுவே அடுத்த புண்ணை உள்ளிருந்து குத்தி உண்டாக்கும்.

எவ்வளவு எடுப்பது என்பதே அறுவை அரங்கில் எழும் மிகக் கடினமான கேள்வி. எம்.ஆர்.ஐ. ஓர் எல்லையைச் சொன்னாலும் கடைசித் தீர்ப்பு கண்ணுக்கும் கைக்கும் உரியது. செத்த எலும்பு மங்கலான மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும், கரண்டிபோன்ற கருவியால் சுரண்டினால் ஈரமற்ற மண்போல உதிரும், இரத்தம் கசியாது. சுரண்டச் சுரண்ட ஓரிடத்தில், வெளிறிய பரப்பின்மேல் மிளகாய்ப்பொடியைத் தூவியதுபோலச் சின்னஞ்சிறு செம்புள்ளிகள் அரும்பத் தொடங்கும். அறுவை மருத்துவர்கள் இதற்கு வைத்துள்ள பெயரே பாப்ரிக்கா அடையாளம் என்பது. பாப்ரிக்கா என்பது ஐரோப்பியரின் ஒருவகைச் சிவந்த மிளகாய்ப்பொடி. அந்தப் புள்ளிகள் உயிருள்ள எலும்பிலிருந்து எட்டிப் பார்க்கும் நுண்குழாய்களின் இரத்தம். மருந்து வந்துசேரக்கூடிய எல்லை அங்கே தொடங்குகிறது, ஆகவே கத்தியும் அங்கே நிற்கிறது.

எலும்பைக் குறைப்பதில் மற்றொரு நன்மையும் மறைந்துள்ளது. பஞ்சு பிதுங்கக் கிழிந்த தலையணை உறையின் வாயை இழுத்துத் தைத்தால் தையல் அறுந்துபோகும். சிறிது பஞ்சை வெளியே எடுத்துவிட்டால் அதே உறை தளர்ந்து, வாய் தானே கூடும். குதிகாலிலும் எலும்பின் பின்பகுதி குறைந்ததும், இதுவரை நெருங்க மறுத்த தோலின் இரு விளிம்புகளும் இழுவையின்றிச் சேர்கின்றன. வேறிடத்திலிருந்து தசையும் தோலும் கொண்டுவந்து ஒட்டும் பெரிய அறுவை, அதைத் தாங்க இயலாத இந்நோயாளிகள் பலருக்குத் தேவைப்படாமலே போகிறது. இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. குதிநாண் பற்றியிருந்த இடத்தின் பெரும்பகுதி நீங்குவதால், அடியெடுத்து வைக்கும்போது பாதத்தை உந்தித் தள்ளும் விசை குறைகிறது. நடை சற்றுத் தட்டையாகி, வெற்றிடத்தை நிரப்பும் மெத்தை வைத்துத் தைத்த காலணியும் கணுக்காலைத் தாங்கும் அணைகருவியும் தேவைப்படுகின்றன. ஆயினும் அது சொந்தக் காலின்மேல் நடக்கும் நடை.

தொற்று எலும்பின் உட்பகுதியில் மட்டும் இருந்து வெளிவடிவம் கெடாதிருந்தால், எலும்பைக் குறைக்காமல் உள்ளே குடைந்து எடுப்பதும் உண்டு. அப்போது எஞ்சும் குழியை வெறுமனே விட்டால், பள்ளமான காலிமனையில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகுவதுபோல, அதில் இரத்தம் தேங்கி மிஞ்சிய கிருமிக்கு உணவாகும். எலும்புக் குழியைச் சுண்ணக்கட்டால் நிரப்பும் முயற்சி 1892இலேயே ஜெர்மனியில் டிரெஸ்மான் என்பவரால் பதிவாகியுள்ளது. சிலைவார்க்கவும் மாவுக்கட்டுப் போடவும் பயன்படும் அதே கால்சியம் சல்ஃபேட்டில் இன்று ஜென்டாமைசின், வான்கோமைசின் போன்ற மருந்துகளைக் குழைத்து வைக்கின்றனர். வாரக்கணக்கில் அது மெல்லக் கரையும்போது, இரத்தத்தின் வழியே ஒருபோதும் எட்ட முடியாத செறிவில் மருந்து அந்த இடத்தில் மட்டும் வெளிப்படுகிறது, சிறுநீரகத்துக்கோ பெரும் சுமையில்லை. குதிகால் எலும்பில் வரிசையாகத் துளைகளிட்டு அவற்றுக்குள் இத்தகைய மருந்துக் குழம்பைச் செலுத்தும் முறையைப் பிரிட்டன் மருத்துவர்கள் 2018இல் வெளியிட்டு, அதற்குத் தானியக் குதிரைக் குறிக்கும் சைலோ என்ற சொல்லையே பெயராக வைத்தனர். தமிழில் குதிர் முறை என்று அழைப்பது முற்றிலும் பொருந்தும். கரையும் சுண்ணம் சில வாரங்கள் புண்வாயில் வெண்ணிற நீராகக் கசியும். சீழென்று அஞ்சி மீண்டும் கீறிவிடாமல் இருக்க, நோயாளிக்கும் கட்டு மாற்றும் செவிலியருக்கும் இதனை முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம்.

அறுவைக்குப் பின் எத்தனை நாள் மருந்து என்பதிலும் பழைய வழக்கங்கள் மாறியுள்ளன. எலும்புத் தொற்று என்றாலே ஆறு வாரம் சிரைவழி ஊசி என்பது நீண்டகால மரபு. பிரிட்டனில் 26 மருத்துவ நிலையங்களில், எலும்பு மற்றும் மூட்டுத் தொற்றுள்ள 1,054 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானபோது, தகுந்த மாத்திரைகளும் ஊசியைப்போலவே பயன் தருகின்றன என்று தெரிந்தது. மாத்திரைக் குழுவில் சிகிச்சை தோற்றது 13.2 விழுக்காடு, ஊசிக் குழுவில் 14.6 விழுக்காடு. நோயுற்ற எலும்பை நீக்கிய பின்னும் வெட்டுவிளிம்பில் கிருமி எஞ்சியிருந்தால் மூன்று வாரம் வரை, எலும்பை நீக்காமல் மருந்தை மட்டும் நம்பினால் ஆறு வாரம் என்று 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

எல்லாக் குதிகாலையும் காப்பாற்ற முடிவதில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. தொற்று எலும்பு முழுவதும் பரவிவிட்டாலோ, இரத்த ஓட்டத்தை மீட்க வழியில்லாமற் போனாலோ, நஞ்சு உடலெங்கும் பரவினாலோ முழங்காலுக்குக் கீழே எடுப்பதே உயிர்காக்கும் சிகிச்சை. இடைப்பட்ட வழி ஏன் இல்லை என்றால், 1842இல் எடின்பரோவின் ஜேம்ஸ் சைம் செய்து காட்டிய கணுக்கால் மட்டத் துண்டிப்பு, குதிகாலின் மெத்தையையே கொண்டுவந்து கால்முனைக்குத் தாங்கியாக வைப்பது. அந்த மெத்தையே அழுகிவிட்ட பிறகு அவ்வழி அடைபட்டுவிடுகிறது. எலும்புத் தொற்றை 1985இல் வகைப்படுத்திய சீர்னி, மேடர் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள், எலும்பின் நிலையை மட்டும் பாராமல் நோயாளியின் நிலையையும் சேர்த்து, நோயைவிடச் சிகிச்சையே மிகுந்த துன்பம் தருமாறு உடல் தளர்ந்தவர்களைத் தனி வகையாக வைத்தனர். இயல்பாகவே எழுந்து நடக்கவியலாத முதியவருக்கு, பல அறுவைகளும் பல மாதப் படுக்கையும் கொண்ட கால்காப்பைவிட ஒரே அறுவையில் முடியும் துண்டிப்பு கனிவான முடிவாகலாம்.

இவ்விரு வழிகளில் எது நல்லது என்று புள்ளிவிவரம் சொல்லும் என எதிர்பார்ப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குதிகால் எலும்பு நீக்கம் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மருத்துவமனையின் சில பத்து நோயாளிகளைப் பின்னோக்கிப் பார்த்து எழுதியவை. குதிர் முறையைப் பற்றிய முதற்கட்டுரை 12 பேரைப் பற்றியது. கால் இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுக்குள் இறக்கின்றனர் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது மெய்தான்; ஆனால் காலை எடுக்க நேர்ந்தவர்கள் இதயமும் சிறுநீரகமும் ஏற்கெனவே கெட்டவர்கள், கால் காப்பாற்றப்பட்டவர்கள் ஓரளவு நல்ல இரத்த ஓட்டமுடையவர்கள். வாய்க்கால் பாயும் நன்செய்யின் விளைச்சலை வானம் பார்த்த புன்செய்யோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு விதையைக் காரணமாகச் சொல்ல முடியாது.

அறுவை முடிந்த குதிகால் ஆறுவதற்குத் தேவையானது சுமையின்மை. படுத்திருக்கும்போதுகூடக் குதிகால் மெத்தையில் அழுந்தாமல், கெண்டைக்காலின்கீழ் தலையணை வைத்து அது அந்தரத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். இவ்வளவு சிறிய செயல் தவறியதால் நேர்த்தியான அறுவைகள் தோற்றதுண்டு. உள்ளங்காலின் முன்பகுதிப் புண்களுக்குப் பாதம் முழுவதையும் தழுவிப் போடும் மாவுக்கட்டு இன்றும் சிறந்த சிகிச்சை. 1930களில் இலங்கையில் மில்ராய் பாலும் இந்தியாவில் ஜோசப் கானும் தொழுநோய்ப் புண்களுக்குப் போட்ட கட்டே, பால் பிராண்டின் வழியாக அமெரிக்க நீரிழிவு மருத்துவமனைகளைச் சென்றடைந்தது. குதிகால் புண்ணில் அக்கட்டு அவ்வளவு எளிதில் உதவுவதில்லை, ஏனெனில் அது முன்பாதத்தின் சுமையைக் குறைக்கும் அளவுக்குக் குதிகாலின் சுமையைக் குறைப்பதில்லை.

ஆறிய பாதப் புண்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஓராண்டுக்குள் மீண்டும் வருகின்றன. ஆகவே நீரிழிவு உள்ளவர் நாள்தோறும் இரவில், குனிந்து பார்க்க இயலாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்தோ வீட்டிலுள்ளவரைப் பார்க்கச் சொல்லியோ, இரு குதிகால்களிலும் வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம், கசிவு உள்ளதா என்று பார்த்துவிட வேண்டும். சர்க்கரை அளவைப் பார்க்க மருத்துவரிடம் செல்லும் ஒவ்வொரு முறையும் செருப்பையும் காலுறையையும் கழற்றிக் குதிகால்களைக் காட்டிவிட்டு வர வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் காட்ட வேண்டும்.